எக்ஸோஸ் டிப்: கடைசி அரையடியின் கணக்கு

“அண்ணே, டிப்ப நாலு இஞ்ச் போட்டா சத்தம் கனமா வருமா?”

காடியை லிஃப்டில் ஏற்றும் முன்பே பாதிப் பேர் என்னிடம் கேட்பது இதைத்தான். வராது. இதைச் சொன்னதும் முகம் வாடிப் போகும். கூலிக்கு வேலை செய்கிற நான் உண்மையைச் சொன்னால் எனக்குத்தான் நஷ்டம். ஆனாலும் சொல்லிவிடுவேன்.

ஜொகூர் பாருவில் எக்ஸோஸ் பட்டறை வைத்துப் பிழைக்கிறவனுக்கு ஸ்போர்ட்ஸ் காடிப் பித்துப் பிடித்த வாடிக்கையாளருக்குப் பஞ்சமில்லை. சனி, ஞாயிறானால் பாலம் தாண்டி சிங்கப்பூர் நம்பர் போட்ட காடிகள் வரும். உள்ளூரில் சத்ரியா ஜிடிஐ வைத்திருப்பவர்கள் அதைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வார்கள். இந்தப் பித்து இங்கே நேற்று வந்ததும் அல்ல. 1998-இல் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ நடந்தது நம் பாசிர் கூடாங்கில்தான். சிப்பாங் பந்தயத் தடம் திறந்தது அதற்கு அடுத்த வருஷம்.

டிப் என்பது எக்ஸோஸ் குழாயின் கடைசியில், பம்பருக்கு வெளியே பளபளவென்று தெரிகிற அந்த அரையடி உலோகம். சத்தத்தைத் தீர்மானிப்பது அதற்கு முன்னால் இருக்கிற சைலன்சரும் ரெசனேட்டரும் குழாயின் அகலமும். நாதஸ்வரத்தின் அணசுக்குப் பாலிஷ் போட்டதால் வாசிப்பவரின் ராகம் மாறிவிடுவதில்லையே, அது மாதிரிதான் இதுவும். எஞ்சின் பவரும் டிப்பால் ஏறாது. புகை மூச்சு முட்டுகிற இடம் குழாயின் ஆகக் குறுகிய பகுதி. அதைத் தாண்டி வந்த பிறகு வாய் எவ்வளவு அகலமாக இருந்தால் என்ன?

நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால் விநாடிக்கு 100 முறை வெடிக்கும். அந்த 100 ஹெர்ட்ஸ் முழக்கம்தான் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகும்போது காதுக்குள் ‘கும்’மென்று அடைக்கும் ‘ட்ரோன்’. அதை அடக்கத்தான் ரெசனேட்டர். அதைக் கழற்றிவிட்டு விலை உயர்ந்த டிப் மாட்டிக்கொண்டு, யோங் பெங் தாண்டுவதற்குள் தலைவலி வந்து திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

டிப்பால் சத்தம் மாறாது என்றேனே, அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 2017-இல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர், அதாவது எஃப்கே8-இன் பின்னால் மூன்று வாய் இருக்கும். நடுவில் உள்ளது மட்டும் சிறியது. அதையும் மற்ற இரண்டின் அளவுக்குப் பெரிதாக்கச் சொல்லி ஒரு தம்பி வந்தார். அந்த நடுக்குழாய் அழகுக்காக வைத்தது அல்ல. குறைந்த வேகத்தில் மூன்று வழியாகவும் புகை வெளியேறும். எஞ்சின் நடுத்தர வேகத்துக்கு ஏறும்போது நடுக்குழாயில் அழுத்தம் குறைந்து, அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். முழக்கம் அதில் அடங்கிவிடும். கம்பெனி கணக்குப் போட்டு வைத்த குழாயில் நாம் கணக்கில்லாமல் கை வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

ஆக, டிப் மாற்றுவது அழகுக்காகத்தான். அழகு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் அது நிலைக்க வேண்டுமென்றால் மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும்: உலோகம், அளவு, இடைவெளி.

உலோகம்

நம் ஊர் ஈரமும் கடற்காற்றும் மட்டமான இரும்பை விட்டுவைக்காது. வெறும் இரும்புக்கு குரோம் முலாம் பூசிய டிப் மலிவாகக் கிடைக்கும். சூடும் மழையும் மாறி மாறிப் பட்டதும் முலாம் செதில் செதிலாக உரியும். கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். 304 ரகத் துருப்பிடிக்காத எஃகில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். காந்தம் அதில் ஒட்டாது. வளைத்த இடத்தில் லேசாக இழுக்கலாம், அவ்வளவுதான். பச்சென்று ஒட்டினால் அது குரோம் பூசிய இரும்பாக இருக்கும், இல்லையென்றால் 11 விழுக்காடு அளவுக்கே குரோமியம் உள்ள 409 ரகமாக இருக்கும். கம்பெனிக் குழாய்கள் பல 409-தான். உள்ளே மறைந்திருக்கும் குழாய்க்கு அது போதும். வெளியே தெரிகிற டிப்புக்குப் போதாது, பழுப்பேறிவிடும்.

நீலமும் ஊதாவுமாக மின்னுகிற டைட்டேனியம் டிப்புக்கு இப்போது ஏக கிராக்கி. சூட்டில் உலோகத்தின் மேல் படிகிற மெல்லிய ஆக்சைடு படலத்தின் தடிமனைப் பொறுத்து ஒளி பிரிந்து தெரிவதுதான் அந்த நிறம். எவர்சில்வரையும் அப்படி நிறமேற்ற முடியும் என்பதால் நிறத்தைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். காந்தமும் இங்கே உதவாது, இரண்டிலும் ஒட்டாது. கையில் தூக்கிப் பாருங்கள். அதே அளவு எஃகின் எடையில் டைட்டேனியம் பாதியை விடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால், கடைக்காரர் சம்மதத்தோடு, கண்ணில் படாத உள்விளிம்பைக் கிரைண்டரில் ஒரு நொடி தொடவிடுங்கள். எஃகு மஞ்சள் கலந்த ஆரஞ்சுப் பொறி விடும். டைட்டேனியம் கண் கூசுகிற வெள்ளைப் பொறியாகக் கொட்டும்.

நிஜ டைட்டேனியம் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதை எஃகுக் குழாயோடு வெல்டிங் செய்ய முடியாது. இரண்டும் கலந்து உருகினால் அந்த இணைப்பு கண்ணாடி மாதிரி நொறுங்கிவிடும். கிளாம்ப் போட்டுத்தான் மாட்ட வேண்டும். “பத்த வச்சுத் தர்றேன்” என்று யாராவது சொன்னால், ஒன்று அவருக்கு வேலை தெரியாது, இல்லை உங்கள் டிப் டைட்டேனியம் கிடையாது.

அளவு

டிப்பின் பெட்டியில் மூன்று எண் இருக்க வேண்டும்: குழாயில் மாட்டுகிற வாயின் அளவு, வெளிவாயின் அளவு, நீளம். பலர் வெளிவாயை மட்டும் பார்த்து வாங்கி வந்துவிடுகிறார்கள். வீட்டிலேயே வெர்னியர் காலிப்பரால் உங்கள் குழாயின் வெளிவிட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 2 இஞ்ச் என்றால் 50.8 மி.மீ., இரண்டரை இஞ்ச் என்றால் 63.5, 3 இஞ்ச் என்றால் 76.2. டிப்பின் உள்விட்டம் அதைவிட ஒரு மில்லிமீட்டர் கூட இருந்தால் சரியாக ஏறும். ஐந்து மில்லிமீட்டர் கூட இருந்தால், கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் கோணிக்கொண்டு நிற்கும்.

எடையும் அளவோடு சேர்ந்ததுதான். குழாயின் கடைக்கோடியில் கனமான இரட்டை டிப் தொங்கினால் முழுப் பாரமும் குழாயைத் தாங்குகிற பின்பக்க ரப்பர் மேல் விழும். நம் ஊர் வெயிலில் ஏற்கெனவே தளர்ந்துபோன ரப்பர் அதைத் தாங்காது.

இடைவெளி

டொயோட்டா 86 ஒன்று வந்தது. பம்பரின் இரண்டு மூலையிலும் ஒவ்வொரு வாய் உள்ள காடி. இடது டிப்பைச் சுற்றி இடைவெளி சமமாக இருந்தது. வலது டிப் பம்பரின் கீழ்விளிம்பைத் தொடாத குறை. வேறொரு இடத்தில் டிப்பை வாங்கி மாட்டிக்கொண்டு, “டிப் கோணல், வேற மாத்துங்க” என்று வந்திருந்தார். லிஃப்டில் ஏற்றி, டிப்பைத் தொடாமல் சைலன்சரைக் கையால் தூக்கிப் பார்த்தேன். டிப் சரியான இடத்துக்கு வந்து நின்றது. வலது ரப்பர் இழுபட்டு நீண்டிருந்ததுதான் காரணம். புது ரப்பர் இரண்டு போட்டதோடு வேலை முடிந்தது. அதனால் டிப்பை அளப்பதற்கு முன் ரப்பரைப் பாருங்கள்.

இடைவெளி கண்ணுக்கு மட்டும் உரியதல்ல. எஃகுக் குழாய் சூடேறினால் நீளும். 3 மீட்டர் நீளமுள்ள 304 குழாய் 300 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 15 மி.மீ. நீண்டுவிடும். குளிர்ந்திருக்கும்போது பம்பரோடு மட்டமாக நிற்கிற டிப், குளுவாங் வரை ஓட்டிவிட்டு இறங்கிப் பார்த்தால் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். கியர் மாற்றும்போது எஞ்சின் அசைகிற அசைவும் குழாய் வழியாகப் பின்னால் வரும். பம்பர் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். அது 160 டிகிரி வாக்கில் உருகும், அதற்கு முன்பே இளகத் தொடங்கும். அதனால் சுற்றிலும் ஒரு விரல் நுழைகிற அளவுக்காவது இடம் விடுவேன். இரட்டைச் சுவர் டிப்பாக இருந்தால் வெளிச்சுவரில் சூடு குறையும். அதற்காக, பம்பரைத் தாண்டி வெளியே நீட்டிவைக்கச் சொன்னால் செய்ய மாட்டேன். பூட்டிலிருந்து சாமான் எடுக்கிற அம்மாவின் கெண்டைக்காலில்தான் அது முதலில் சுடும்.

வெல்டிங் என்றால் பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்குவேன். எர்த் கிளாம்பையும் வெல்டிங் செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே குழாயில் போடுவேன். தூரத்தில் போட்டால் காடியின் மின்சார உறுப்புகளுக்கு ஆபத்து. பம்பரைத் தீப்பிடிக்காத துணியால் மூடிவிட்டு முதலில் மூன்று இடத்தில் டேக் மட்டும் அடிப்பேன். காடியைத் தரையில் இறக்கி, பத்தடி தள்ளி நின்று, சொந்தக்காரரையும் பார்க்கச் சொல்வேன். அவர் தலையாட்டிய பிறகுதான் முழு வெல்டிங். 304 டிப்பை 409 குழாயோடு சேர்க்க 309எல் கம்பி வேண்டும். கையில் கிடைத்த கம்பியைப் போட்டால் அந்த இடத்தில் வெடிப்பு விடும். கிளாம்ப் டிப்பாக இருந்தால் போல்ட் அடிப்பக்கம் வரட்டும். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு, குழாய் ஆறியதும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. நம் நாட்டில் மோட்டார் வாகன இரைச்சலுக்கென்று 1987-ஆம் ஆண்டு முதலே சுற்றுச்சூழல் விதிகள் உண்டு. நின்ற நிலைச் சோதனையில் ஒலிவாங்கியை எக்ஸோஸ் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில் வைத்து அளப்பதுதான் உலக வழக்கம். சைலன்சரைத் தொடாமல் டிப் மட்டும் மாற்றியவருக்கு அங்கே பயமில்லை. டிப்போடு சைலன்சரையும் குடைந்தெடுத்தவர், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் சாலைத் தடுப்பிலோ, பெயர் மாற்றத்துக்காகப் புஸ்பாகோம் வாகனப் பரிசோதனைக்குப் போகும்போதோ மாட்டிக்கொள்வார். சிங்கப்பூர்க் காடிகளுக்கு அங்குள்ள நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி இன்னும் கறார். இங்கே வேலையை முடித்துவிட்டு அங்கே போய் அபராதம் கட்டுவதைவிட, வரும் முன் விசாரித்துவிட்டு வருவது மலிவு.

டிப் மாற்றப் போகிறவர்கள் பட்டறைக்காரரிடம் முதலில் விலை கேட்காதீர்கள். “என் ரப்பர் எப்படி இருக்கு, குழாய் எத்தனை மில்லிமீட்டர், இடைவெளி எவ்வளவு விடுவீங்க?” என்று கேளுங்கள். காடியைப் பார்க்காமலே பதில் சொல்கிறவரிடம் வேலை கொடுக்க வேண்டாம். காலிப்பரை எடுத்துக்கொண்டு காடிக்கு அடியில் போகிறவரிடம் சாவியைத் தாராளமாகக் கொடுக்கலாம்.