பெயரை வாடகைக்கு எடுக்குமுன்

திருச்சி காந்தி மார்க்கெட்டைச் சுற்றியுள்ள அரிசி மண்டிகளில், எவ்வளவு பழகிய வியாபாரி அனுப்பிய சரக்காயினும், மூட்டையின் வயிற்றில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் விழும் அரிசியைக் கண்ணால் பரிசீலித்து, இரண்டு மணியைப் பல்லில் கடித்துப் பதம் அறிந்த பிறகே விலை பேசுவது சம்பிரதாயம். அத்தகைய குடும்பங்களிற் பிறந்த இளைஞர்கள் சிலர், தகப்பனார் ஆயுள் முழுதும் உழைத்துச் சேர்த்த மூலதனத்தை, வழவழப்பான விளம்பரத் தாள் ஒன்றை மாத்திரம் நம்பி, தேநீர்க் கடைக்கோ அழகு நிலையத்துக்கோ பிரான்சைஸ் எடுக்கக் கொடுத்துவிடத் துணிவது எனக்கு மிகுந்த விசாரத்தை அளிக்கிறது.

பிரான்சைஸ் முறையே கெட்டதன்று. 1970-ல் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலுடன் ஆர்.ஜி. சந்திரமோகன் ஆரம்பித்த அருண் ஐஸ்கிரீம், பெரிய கம்பெனிகளின் ஆதிக்கம் மிகுந்த தலைநகரோடு நின்றுவிடாமல், சிறிய ஊர்களுக்குச் சென்று, அவ்வூர்க்காரர்களையே கடை நடத்தச் செய்து விருத்தியடைந்தது. ஐஸ்கிரீம் விற்றால்தான் அந்தக் கம்பெனிக்கு வருமானம். கடைக்காரர் நொடித்தால் அதற்கும் நஷ்டம். இந்தப் பந்தம் இருக்கிறதா என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும். நடக்கும் கடைகளின் வியாபாரத்தால் அல்லாமல், புதிது புதிதாக வருகிறவர்கள் கட்டும் நுழைவுத் தொகையாலேயே ஒரு ஸ்தாபனம் ஜீவிக்குமானால், நம் கடை திறந்த மறுநாளே அதற்கு நம்மிடம் உள்ள சிரத்தை குறைந்துவிடும். பதிவு பெற்ற கம்பெனியானால், அதன் ஆண்டுக் கணக்கை மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்து இணையதளத்தில் சொற்பக் கட்டணத்துக்கு எவரும் பார்க்கலாம். வருமானம் எவ்வழியில் வருகிறதென்பது பெரும்பாலும் அதிலேயே புலப்படும்.

அடுத்தது, பெயரைப் பயன்படுத்துவதற்காகக் கம்பெனிக்குக் கட்டும் ராயல்டி. இது பெரும்பாலும் லாபத்தின் மேல் அன்று, விற்பனையின் மேல் விதிக்கப்படுவது. தில்லைநகரில் ஒரு சிற்றுண்டிக் கடையில் மாதம் 5 லட்சம் ரூபாய்க்கு வியாபாரம் என்றும், ராயல்டி 6 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், 30,000 ரூபாயும், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யாக 5,400 ரூபாயும், கடை நஷ்டத்தில் ஓடினாலும் கட்டியே தீரவேண்டும். வாடிக்கையாளரிடம் 5 சதவீத வரி வசூலிக்கும் உணவகம் அந்த 5,400 ரூபாயைக் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடந்தராது. வாடகை, சம்பளம், கம்பெனி சொல்லும் விலைக்கே வாங்கவேண்டிய மாவும் மசாலாவும் ஆகிய இவையெல்லாம் போக மிஞ்சுவது என்ன என்பதை, சொந்தப் பெயரில் அதே கடையை நடத்தினால் மிஞ்சக்கூடியதோடு அருகருகே எழுதிப் பார்த்துவிட வேண்டும்.

ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்திடலாகாது. பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், நாம் ஒப்பமிட்ட காகிதமுமே பிரதானம். அக்காகிதத்தில், பக்கத்துத் தெருவில் இன்னொரு கிளை திறக்கமாட்டோம் என்ற வாக்குறுதி உண்டா, தகராறு வந்தால் திருச்சியிலா, கம்பெனி இருக்கும் குருகிராம் போன்ற தொலைவூரிலா விசாரணை என்பவை கவனத்துக்குரியவை.

அமெரிக்காவில் 1979 முதல் அமலில் உள்ள பிரான்சைஸ் விதியின் இன்றைய வடிவப்படி, கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக முழு விவரத்தையும், சென்ற ஆண்டு கடையை விட்டு விலகியவர்களின் பெயர்களையுங்கூட, கம்பெனி கொடுத்தாக வேண்டும். இங்கே அந்த ஜாபிதாவைத் தரவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. தஞ்சாவூரிலோ கரூரிலோ அந்தக் கம்பெனியின் போர்டை இறக்கிய கடையை நாமே தேடிச் சென்று, பக்கத்துக் கடைக்காரரிடம் விலாசம் கேட்டு, அதை நடத்தியவரைச் சந்தித்து, கடைசி ஆறு மாதக் கணக்கைக் காட்டும்படி வேண்டிக்கொண்டு, அதைப் பார்த்த பின்னரே முன்பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.