குடும்பத்தோட தீம் பார்க் போறீங்களா? டிக்கெட் விலையை மட்டும் பார்த்து கிளம்பாதீங்க!

கிரெடிட் கார்டு மினிமம் டியூ பத்தி போட்ட வீடியோவுல, "நானே ஒரு தடவை தீம் பார்க் போயிட்டு வந்து மாட்டிக்கிட்டேன்"னு ஒரு வரி சொல்லிட்டுப் போனேன். அந்தக் கதையை முழுசா சொல்லுங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. லீவு வந்தா வீட்ல எல்லாரையும் எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னு நம்ம எல்லாருக்கும் ஆசை இருக்கும். அதனால என் கதையையும், அதுல நான் கத்துக்கிட்ட கணக்கையும் இந்தப் பதிவுல விரிவா பார்க்கலாம்.

முதல் தடவை: 12,000 பட்ஜெட், 19,400 செலவு

வேலைக்கு சேர்ந்த முதல் வருஷம். மே மாசம், ஞாயிற்றுக்கிழமை. அப்பா, அம்மா, அக்கா, மச்சான், அக்கா பையன், நான்னு மொத்தம் ஆறு பேர். டிக்கெட் விலையை மட்டும் நெட்ல பார்த்தேன். "சரி, போக வர, சாப்பாடு எல்லாம் சேர்த்து 12,000க்குள்ள முடிச்சிடலாம்"னு மனசுக்குள்ள ஒரு கணக்கு. பேப்பர்ல எதுவும் எழுதல. முடிவுல வந்த செலவு இது:

- டிக்கெட் (பெரியவங்க 5 × 1,500, சிறுவர் 1 × 1,200): ₹8,700
- வேன் வாடகை: ₹4,500
- உள்ளே சாப்பாடு, ஜூஸ், ஐஸ்கிரீம்: ₹2,900
- தண்ணி விளையாட்டுக்கான டிரஸ், லாக்கர்: ₹1,900
- போட்டோ, பொம்மை: ₹1,400
- மொத்தம்: ₹19,400

டிக்கெட் செலவு மொத்தத்துல பாதிகூட வரல, கவனிச்சீங்களா? நான் பட்ஜெட் போட்டது அந்தப் பாதிக்கு மட்டும்தான்.

காசு போனதைவிட மனசுக்கு கஷ்டமா இருந்தது வேற ஒரு விஷயம். அப்பா ஒரு ரைடுல கூட ஏறல. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு மரத்தடியில பைகளைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா ஒரே ஒரு தடவை தண்ணியில கால் நனைச்சாங்க. அவங்க ரெண்டு பேர் டிக்கெட் மட்டும் ₹3,000. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல வரிசையில நின்னு நின்னு, எங்களுக்கும் அஞ்சு ரைடுக்கு மேல கிடைக்கல.

அதுக்கப்புறம் வந்த பில்

மொத்தத்தையும் கார்டுல தேய்ச்சாச்சு. அடுத்த மாசம் பில் வந்தப்போ கையில அவ்வளவு காசு இல்ல. "மினிமம் டியூ ₹970"னு போட்டிருந்துச்சு. அதை மட்டும் கட்டினேன். மீதி ₹18,430.

கார்டு வட்டி மாசம் 3.5%னு வச்சுக்கோங்க. 18,430க்கு வட்டி ₹645. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி ₹116. ரெண்டும் சேர்ந்து ₹761. அதாவது நான் கட்டின 970ல 761 திரும்பவும் கடன் மேலயே ஏறிடுச்சு. உண்மையில குறைஞ்சது ₹209. செலவு பண்ணின தேதியில இருந்தே வட்டி போடுவாங்க, அதனால நிஜ பில் இதைவிட கொஞ்சம் கூடத்தான் வரும். இன்னொரு விஷயம்: பாக்கி இருக்கும்போது அதே கார்டுல மளிகை வாங்கினாலும், அதுக்கும் வட்டி இல்லாத நாட்கள் கிடைக்காது. முதல் நாள்ல இருந்தே மீட்டர் ஓடும்.

ஒரு நாள் டூருக்கு பல மாசம் கட்டினேன். அந்த மாசங்கள்ல வீட்டுக்கு அனுப்புற பணத்துலயும் கை வைக்க வேண்டியதாயிடுச்சு. அப்பா ஏன்னு கேட்கவே இல்ல.

சரி, இதே தப்பை நீங்க பண்ணாம இருக்க என்ன பண்ணணும்? ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

1. டிக்கெட் மொத்தத்தை ரெண்டால பெருக்குங்க

ஆறு பேருக்கு டிக்கெட் ₹8,000 வருதுன்னா, அந்த நாளோட விலை சுமார் ₹16,000ன்னு எடுத்துக்கோங்க. அதுக்கு உங்ககிட்ட காசு இருந்தா மட்டும் தேதி குறிங்க. இது என் அனுபவத்துல வந்த தோராயக் கணக்கு. வெளியூர் போய் தங்குறதா இருந்தா ரயிலும் ரூமும் தனி.

டிக்கெட் விலையைப் பார்க்கும்போது, ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலான்னு பாருங்க. தீம் பார்க் டிக்கெட்டுக்கு 18% ஜிஎஸ்டி. ₹1,300ன்னு பெருசா போட்டு பக்கத்துல "வரி தனி"ன்னு பொடியா இருந்தா, நீங்க கட்டப்போறது ₹1,534. ஆறு பேருன்னா வித்தியாசம் மட்டும் ₹1,400ஐ தாண்டிடும்.

2. வார நாள்ல போங்க, ஆனா லீவு கணக்கையும் போடுங்க

வார நாள்ல டிக்கெட் விலையும் குறைவு, கூட்டமும் குறைவு. இது எல்லாருக்கும் தெரியும். ஆனா வேலைக்குப் போற நம்மளுக்கு லீவுக்கும் ஒரு விலை இருக்கு.

ஒரு டிக்கெட்டுக்கு ₹300 குறையுதுன்னா, ஆறு பேருக்கு மிச்சம் ₹1,800. உங்க சம்பளம் ₹40,000ன்னா ஒரு நாள் சம்பளம் சுமார் ₹1,333. சிஎல் கையில இருந்தா யோசிக்கவே வேண்டாம், வார நாள்தான். சிஎல் தீர்ந்து ஒருத்தர் மட்டும் சம்பள வெட்டுல லீவு போட்டாலும் கொஞ்சம் மிச்சம்தான். ஆனா கணவன், மனைவி ரெண்டு பேருக்கும் சம்பளம் வெட்டினா ₹2,666 போயிடும். அப்போ ஞாயிற்றுக்கிழமை போறதே லாபம். காலையில கேட் திறக்கும்போதே உள்ளே போயிடுங்க. பெரிய ரைடுகளை முதல் ரெண்டு மணி நேரத்துல முடிச்சிட்டு, கூட்டம் ஏறினதும் தண்ணிப் பக்கம் போயிடலாம்.

வரிசையில நிக்காம போக தனி டிக்கெட் பல பார்க்குகள்ல விக்குறாங்க. விலை நல்லாவே கூடும். வார நாள்ல போறவங்களுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

பக்கத்து மாநிலத்துக்குப் போறீங்கன்னா அந்த ஊர் லீவு காலண்டரையும் பாருங்க. பொங்கலுக்கு நமக்கு ஜனவரி 16, 17 தேதிகளும் அரசு விடுமுறை. கர்நாடகாவுல சங்கராந்தியோட முடிஞ்சிடும். கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் இருக்கிறவங்க அந்த நாள்ல பெங்களூர் போனா உள்ளூர் கூட்டம் குறைவா இருக்க வாய்ப்பு இருக்கு. சென்னையில இருந்து கிளம்புறவங்களுக்கு பொங்கல் சமயத்துல ரயில் டிக்கெட் கிடைக்குறதே பெரிய பாடு, அதையும் மறந்துடாதீங்க. ரயில் முன்பதிவு இப்போ 60 நாள் முன்னாடிதான் திறக்குது.

3. பையனை சுவத்துல நிக்க வச்சு அளந்துடுங்க

நம்ம ஆளுங்க நிறைய பேர் வயசை வச்சுதான் சிறுவர் டிக்கெட்டுன்னு நினைக்கிறோம். பல பார்க்குகள்ல கணக்கு உயரத்தை வச்சுதான். உதாரணத்துக்கு வொண்டர்லாவுல 85 செ.மீ.க்கு கீழ இலவசம், 85ல இருந்து 140 செ.மீ. வரைக்கும் சிறுவர் டிக்கெட், அதுக்கு மேல பெரியவங்க டிக்கெட்.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. பெரிய ரைடுகளுக்கு குறைஞ்சபட்ச உயரம் வச்சிருப்பாங்க. யூடியூப்ல ரோலர் கோஸ்டரைப் பார்த்து ஆசைப்பட்ட பையன், அங்க போய் அளவுகோல் பக்கத்துல நின்னு அழுதா உங்களுக்கு என்ன சந்தோஷம்? வீட்லயே அளந்துட்டு, எதுல ஏறலாம், எதுல முடியாதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. அவன் ஆசைப்பட்ட ரைடுக்கு இன்னும் நாலு செ.மீ. வேணும்னா, அடுத்த வருஷத்துக்கு தள்ளி வைக்கிறதும் ஒரு சேமிப்புதான்.

4. உள்ளே போனப்புறம் காசு போற இடங்கள்

*டிரஸ்:* தண்ணி ரைடுகள்ல காட்டன் துணிக்கு பொதுவா அனுமதி இல்ல. நைலான், பாலியஸ்டர் மாதிரி துணிதான் போடணும். இது தெரியாம போனா அங்கயே வாங்க வேண்டி வரும். எங்க ₹1,900ல பெரும்பகுதி இப்படித்தான் போச்சு. வீட்ல இருக்கிற ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட், ஷார்ட்ஸ் போதுமான்னு பார்க்கோட விதிகளைப் படிச்சுப் பாருங்க. துண்டும் எடுத்துக்கோங்க.

*சாப்பாடு:* வெளி சாப்பாடு பெரும்பாலான பார்க்குகள்ல உள்ளே விடமாட்டாங்க. கைக்குழந்தை சாப்பாடு, மருந்துக்கு வழக்கமா விலக்கு உண்டு. காலையில வீட்லயே வயிறு நிறைய இட்லி, பொங்கல்னு சாப்பிட்டுக் கிளம்புங்க. உள்ளே மதியம் ஒரு வேளை மட்டும். சாயங்காலம் டீ, பஜ்ஜியை வெளியே வந்து பார்த்துக்கலாம். சாப்பாட்டோட சேர்த்து விக்குற காம்போ டிக்கெட்டுல, குழந்தைக்கும் முழு பஃபே விலை போடுறாங்களான்னு பாருங்க.

*லாக்கர்:* ஆளுக்கொரு பைன்னு தூக்கிட்டுப் போனா ரெண்டு லாக்கர் வேணும். மொத்த குடும்பத்துக்கும் ஒரே பை போதும்.

*தள்ளுபடி:* மாணவர் அடையாள அட்டை, பிறந்தநாள் மாசம், மூத்த குடிமக்கள்னு பல சலுகைகள் இருக்கும். ஆதார், காலேஜ் ஐடி எல்லாம் ஒரிஜினலா கொண்டு போங்க. டிக்கெட்டை பார்க்கோட சொந்த வெப்சைட்லயே எடுங்க. வாட்ஸ்அப்ல வர்ற "பாதி விலை" லிங்கைத் தொட்டு ஓடிபி சொல்லிட்டீங்கன்னா, மிச்சம் பிடிக்கப் போன காசோட கணக்குல இருக்கிற காசும் போயிடும்.

5. ஆறு மாசம் முன்னாடியே ஒரு ஆர்டி

பேங்க் ஆப்லயே ஆறு மாச ஆர்டி போடலாம். மாசம் ₹2,500 போட்டா ₹15,000. வட்டி ₹300 கூட வராது. வட்டிக்காக இதைப் போடச் சொல்லல. டூர் முடிஞ்சு வந்தா கட்ட வேண்டிய பில்லுன்னு எதுவும் இருக்கக் கூடாது, அதுக்குத்தான். ஆர்டியில எவ்வளவு சேர்ந்துச்சோ அதுதான் பட்ஜெட். "இப்போ போங்க, அப்புறம் கட்டுங்க"ன்னு வர்ற இஎம்ஐ விளம்பரத்துக்கெல்லாம் அப்புறம் வேலையே இல்ல.

6. எல்டிஏ இருந்தா பாருங்க

உங்க சம்பளத்துல எல்டிஏ இருந்து, நீங்க பழைய வரி முறையில இருந்தா, இந்தியாவுக்குள்ள போன பயணக் கட்டணத்துக்கு வரிவிலக்கு உண்டு. நாலு காலண்டர் வருஷத்துல ரெண்டு தடவை. பார்க் டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு எதுவும் இதுல வராது. ரயில், பஸ், விமானக் கட்டணம் மட்டும்தான். 2022-2025 வருஷங்களுக்கான வாய்ப்பைப் பயன்படுத்தாம விட்டிருந்தா, அதுல ஒண்ணை மட்டும் 2026க்குள்ள எடுத்துக்கலாம். புதிய வரி முறையில இந்த விலக்கு கிடையாது.

ரெண்டாவது தடவை: ₹9,250

ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி போனோம். ஜூலை மாசம், புதன்கிழமை, ஈசிஆர் பக்கம் ஒரு பார்க். இந்த தடவை கிளம்புறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட கேட்டேன், "உங்களுக்கு எங்க போகணும்ப்பா?"ன்னு. முதல் தடவை இதைக் கேட்கணும்னே எனக்குத் தோணல. கொஞ்சம் யோசிச்சிட்டு, "அந்தப் பக்கம் தானே போறோம், மகாபலிபுரம் பார்த்து ரொம்ப வருஷம் ஆச்சுடா"ன்னார்.

நாங்க நாலு பேர் பார்க்ல இறங்கினோம். அப்பாவும் அம்மாவும் அதே பஸ்ல மாமல்லபுரம் போனாங்க. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து தொல்லியல் துறை டிக்கெட் ஆளுக்கு ₹40.

- பார்க் டிக்கெட் (3 × 1,200, சிறுவர் 950): ₹4,550
- போகும்போது பஸ்: ₹300
- வரும்போது எல்லாருக்கும் ஒரே கேப்: ₹2,400
- பார்க் உள்ளே மதிய சாப்பாடு: ₹1,100
- லாக்கர்: ₹200
- அப்பா, அம்மாவோட டிக்கெட், சாப்பாடு: ₹700
- மொத்தம்: ₹9,250

முதல் தடவையோட பாதியை விடக் குறைவு. முழுக்க ஆர்டி காசு. நாங்க ஏறின ரைடுகளை அக்கா பையன் விரல் விட்டு எண்ணினான், ரெண்டு கை விரல் பத்தல.

சாயங்காலம் கேப்ல வரும்போது அப்பா கல் யானையைப் பத்தி அவனுக்கு விடாம சொல்லிட்டே வந்தார். அவர் மடியில அன்னிக்கு பை எதுவும் இல்ல, பேரன்தான் சாய்ஞ்சு தூங்கிட்டு இருந்தான்.

அதனால நண்பர்களே, அடுத்த லீவுக்கு டிக்கெட் புக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டே வேலை. பேப்பர் எடுத்து அந்த நாளோட மொத்த விலையை எழுதுங்க. அப்புறம் வீட்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் "உனக்கு எங்க போகணும்?"னு கேளுங்க. உங்க குடும்ப டூர் கணக்கு எவ்வளவு வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவுல சந்திக்கலாம்.