முயலுக்கு ஊசி போடுறதுக்கு முன்னாடி

போன செமஸ்டர் லீவில் எங்க ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன், அன்னூர் பக்கம் வீட்டில் வளர்த்த முயலைப் பறிகொடுத்தான். முயலுக்கு மூக்கு ஒழுகல், விடாத தும்மல். மெடிக்கலில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பை வாங்கி வந்து ஊத்தினான். "குழந்தைக்கே குடுக்கறது, முசலுக்கு என்ன ஆகப்போகுது கண்ணு"ன்னு அவங்க அம்மாவும் சொல்லியிருக்காங்க. மூணாம் நாள் கழிச்சல். நாலாம் நாள் கூண்டு காலி.

முயலைக் கொன்றது சளி இல்லீங்க, அந்த சிரப்.

முயலின் வயிற்றுக்குள் பெருங்குடல் ஆரம்பிக்கும் இடத்தில் பெரிய பை ஒன்று இருக்கிறது. நம்ம ஊர் சாண எரிவாயுக் கலன் மாதிரிதான் அது வேலை செய்கிறது. புல்லில் இருக்கும் நாரை அங்கிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கின்றன. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், லின்கோமைசின், கிளிண்டாமைசின் போன்றவை வாய்வழியாகப் போனால் அந்த நல்ல கூட்டம் செத்துவிடும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் ஸ்பைரோஃபார்மி என்ற கிருமி பெருகி, நஞ்சைக் கக்கும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்க. பெனிசிலின் பற்றி 1929இல் ஃபிளெமிங் எழுதிய கட்டுரையிலேயே ஒரு முயல் வருகிறது. பூஞ்சை வளர்ந்த திரவத்தை வடிகட்டி அதன் ரத்தக்குழாயில் ஏற்றினார், பெரிய பாதிப்பு எதுவும் தெரியவில்லை. அதே குடும்பத்து மருந்து வாய்வழியாகப் போனால் கதை வேறு. அதனால்தான் முயலின் சீழ்க்கட்டிக்கும் பால்வினை நோய்க்கும் கால்நடை டாக்டர்கள் பெனிசிலினைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடுகிறார்கள். ஆபத்து குறையும், அடியோடு போய்விடாது. கிளிண்டாமைசினும் லின்கோமைசினும் எந்த வழியிலும் வேண்டாம்.

சரி, டாக்டர் பார்த்து மருந்தும் அளவும் எழுதி, "தினம் வீட்டிலேயே போடுங்க" என்கிறார். இப்போதான் நம்ம படிப்புக்கு வேலை. முயல் 1.5 கிலோ. டாக்டர் எழுதியது கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ரோஃப்ளாக்சசின் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15 மில்லிகிராம். குப்பியில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். அப்படியென்றால் தேவை 0.15 மில்லி. மாட்டுக்குப் போடும் 5 மில்லி சிரிஞ்சின் லீஸ்ட் கவுண்ட்டே 0.2 மில்லி! அதில் இந்த அளவை எடுக்க வழியே இல்லை. 0.01 மில்லி கோடு போட்ட 1 மில்லி சிரிஞ்ச்தான் வேண்டும். இன்சுலின் சிரிஞ்சில் இன்னொரு பொறி: 40 யூனிட் வகையில் 0.15 மில்லி என்பது 6 யூனிட், 100 யூனிட் வகையில் 15 யூனிட். மாத்திப் படித்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும்.

நாமக்கல், பல்லடம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை. கோழிக்குத் தண்ணியில் கலக்கும் என்ரோஃப்ளாக்சசின் கரைசலும் 10 சதவீதம்தான், ஆனால் அது ஊசிக்கானது இல்லை. ஊசிக்கான குப்பியே காரத்தன்மை உள்ளது, தோலைப் புண்ணாக்கும். அதனால் டாக்டர்கள் சலைனில் கலந்து போடச் சொல்வார்கள். பல சமயம் முதல் ஊசியோடு நிறுத்தி, அதையே வாய்வழி மருந்தாக மாற்றிவிடுவார்கள். இந்த மருந்து முயல் குடலுக்கு ஒத்துக்கொள்ளும்.

பிடிக்கிற விதம்தான் முக்கால் வேலை. முயலின் எலும்பு மொத்த எடையில் சுமார் 8 சதவீதம்தான், ஆனால் பின்னங்கால் உதை பலமானது. பின்பாகத்தைத் தாங்காமல் தூக்கினால், அது உதறும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியும். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. வழுக்காத தரையில் உட்கார்ந்து, துண்டில் சுருட்டி, ஒருத்தர் பின்பக்கத்தை அணைத்துக்கொள்ளட்டும். இரண்டு தோள்களுக்கு நடுவில் தளர்ந்த தோலைக் கூடாரம் போலத் தூக்குங்க. கூடாரத்தின் அடியில், உடம்புக்கு இணையாக, மெல்லிய புது ஊசியைச் செலுத்துங்க. ரொம்பத் தள்ளினால் மறுபக்கம் வந்து ரோமம் நனையும். அப்படி ஆனால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. மறுபடி போடாமல் டாக்டரைக் கேளுங்க. பிஸ்டனைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பார்ப்பது அவசியம். ரத்தம் வந்தால் வெளியே எடுத்துவிட்டு, புது ஊசியோடு வேறு இடம். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் பெனிசிலின் ரத்தக்குழாயில் போனால் உயிருக்கே ஆபத்து. தினமும் இடத்தை மாத்துங்க. தொடையில் போடுவது டாக்டர் வேலை, அங்கே நரம்பு ஓடுகிறது.

ஊசி போட்ட பிறகு பார்க்க வேண்டியது புழுக்கையை. எண்ணிக்கை குறைந்தாலோ, தண்ணியாகப் போனாலோ, அரை நாள் எதுவும் தின்னாமல் இருந்தாலோ காலையில் பார்த்துக்கலாம் என்று விடாதீங்க. உலர்புல் எப்பவும் கூண்டில் இருக்கட்டும். கறிக்கு வளர்ப்பவர்கள், கடைசி ஊசிக்கு எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வையுங்க, அந்த மருந்து நம்ம தட்டுக்கு வரக்கூடாது.

சந்தேகம் கேட்க நம்ம பக்கமே ஆள் இருக்கிறது. சரவணம்பட்டியில் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையம், நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடைக் கல்லூரிகள், அவசரத்துக்கு 1962.

நண்பன் வீட்டில் மிச்சமிருந்த பெட்டை முயலுக்கும் அடுத்த வாரமே தும்மல் வந்தது. இந்தத் தடவை டாக்டரிடம் போனார்கள். அவன் துண்டைச் சுருட்டிப் பிடிக்க, ஊசியைப் போட்டது அவங்க அம்மாதான்.