பழைய கணினிக்குப் புதிய புரோசசர்: பணம் கொடுக்கும் முன்...

வீட்டில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு ரைப்பிங், போட்டோ பிரின்ற், பாடசாலைப் பிள்ளைகளின் ஒப்படை வேலைகள் என்று செய்து கொடுத்துக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் சகோதரிகள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அந்த இயந்திரம் மெதுவாகிவிட்டால் வருமானமும் மெதுவாகிவிடும். வந்தவர் வாசலில் காத்து நிற்பார், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கும்.

எனக்கும் அதே நிலைதான் வந்தது. திருத்தக் கொண்டுபோன கடையில் இருந்த தம்பி பெட்டியைத் திறந்தும் பார்க்காமல், "அக்கா, இது பழசு. இதை விட்டிட்டுப் புதுசா ஒண்டு எடுங்கோ" என்றார். 2022 இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறிய பிறகு, புதிய கணினி என்றால் கடன் எடுக்க வேண்டிய விடயமாகிவிட்டது. புரோசசரை மட்டும் மாற்றினால் என்ன என்று யோசித்தேன்.

புரோசசரைக் கணினியின் மூளை என்பார்கள். ஆனால் கணினி மெதுவாக இருப்பதற்கு எப்போதும் மூளைதான் காரணம் என்றில்லை. இதை நீங்களே பார்க்கலாம். வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். விண்டோஸ் 10 இல் வரும் பெட்டியில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று சதவீதங்கள் தெரியும். மெமரி நிறைந்திருந்தால் ராம் போதாது. டிஸ்க் 100 இல் நின்றால் பழைய ஹாட் டிஸ்க்தான் இழுத்துப் பிடிக்கிறது. அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டால் போதும். இந்த இரண்டும் குறைவாக இருக்க சி.பி.யு. மட்டும் 100 ஐத் தொட்டால்தான் புரோசசருக்குச் செலவழிப்பதில் அர்த்தமுண்டு.

என்னுடையதில் முதலில் டிஸ்க்தான் 100 இல் நின்றது. எஸ்.எஸ்.டி. போட்டதும் ரைப்பிங் வேலை இலகுவாகியது. உண்மையில் எழுத்து வேலை மட்டும் செய்கிறவர்கள் அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நான் ஸூம் வகுப்புகளைப் பதிவு செய்வதும், சடங்கு வீடுகளின் வீடியோக்களைச் சிறிதாக வெட்டி ஒட்டுவதும் உண்டு. அப்போது சி.பி.யு. 100 இல் ஏறி இறங்க மறுத்தது.

எந்தப் புரோசசர் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது தாய்ப்பலகைதான். நம்முடைய விருப்பமோ கடைக்காரரின் கையிருப்போ அல்ல. சி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள் புரோசசரின் பெயர், அது அமரும் சொக்கெட், தாய்ப்பலகையின் மொடல் எல்லாவற்றையும் காட்டும். என்னுடையது 2011 இல் வந்த பென்டியம் ஜி620, 2 கோர், 2.6 கிகாஹேட்ஸ். சொக்கெட் எல்.ஜி.ஏ. 1155. தாய்ப்பலகை எச்61 வகை.

இதை எழுதிக்கொண்டு போகாமல் வெறுமனே "ஐ5 வேணும்" என்று கேட்டதுதான் நான் விட்ட பிழை. "ஐ5 எல்லாம் ஒண்டுதான் அக்கா" என்று ஒரு கடையில் ஐ5-4570 ஐத் தந்தார்கள். அது எல்.ஜி.ஏ. 1150. பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஓரத்து வெட்டுக்கள் மட்டும் இடம் மாறியிருக்கும். நல்லகாலம், அழுத்திப் பார்க்கவில்லை. அழுத்தியிருந்தால் சொக்கெட்டில் உள்ள மயிரிழை போன்ற ஊசிகள் வளைந்து தாய்ப்பலகையே போயிருக்கும். திருப்பிக் கொடுத்தபோது காசில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டார்கள்.

எனது பலகைக்குப் பொருந்தக்கூடியவை இரண்டு தலைமுறைகள். இரண்டாம் தலைமுறையில் ஐ3-2100 உண்டு. மலிவுதான், ஆனால் அதுவும் 2 கோர்தான். ஐ5-2400 என்றால் 4 கோர், 3.1 கிகாஹேட்ஸ். மூன்றாம் தலைமுறையின் ஐ5-3470 இன்னும் சற்று வேகமானது, மின்சாரமும் குறைவாக எடுக்கும். ஆனால் ஆரம்பகால எச்61 பலகைகள் அதை அடையாளம் காண வேண்டுமானால் பயோஸ் எனப்படும் தொடக்க மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். அதையும் பழைய புரோசசர் உள்ளே இருக்கும்போதே செய்துவிட வேண்டும். இடையில் கரண்ட் போனால் பலகை செத்துவிடும். என்னிடம் யு.பி.எஸ். இல்லை. அந்தச் சிறிய வேகத்துக்காக இந்த ஆபத்து வேண்டாம் என்று ஐ5-2400 ஐயே எடுத்தேன், பாவித்ததுதான். புரோசசர் இலகுவில் பழுதாகும் பொருள் அல்ல. பாவித்ததை வாங்கப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கணினியையே கடைக்குக் கொண்டுபோய், பூட்டி, அது இயங்கி, சரியான பெயர் திரையில் வந்த பிறகு காசைக் கொடுங்கள்.

சூட்டை மறந்துவிடக் கூடாது. ஜி620 இன் அளவு 65 வாற். ஐ5-2400 இன் அளவு 95 வாற். பழைய சிறிய விசிறியையே திரும்பப் பூட்டினால் வெயில் காலத்தில் கணினி சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியானால் செலவழித்ததில் என்ன பயன்? 95 வாற்றுக்குரிய தடித்த விசிறியையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். பழைய பசையைத் துடைத்துவிட்டு, புதிய தேர்மல் பேஸ்றை ஓர் உளுந்து அளவு வைத்தால் போதும். நிறைய வைத்தால் நல்லது என்று நினைத்துப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வழிந்து அழுக்காகுமே தவிரக் குளிர்ச்சி கூடாது.

ஒரு விடயத்தை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. இந்த மாற்றத்தால் விண்டோஸ் 11 க்குப் போக முடியாது. இன்ரெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் அதற்கு ஏற்றவை என்று மைக்ரோசொஃப்ட் வைத்திருக்கிறது. விண்டோஸ் 10 க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு ஆதரவோ 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. வங்கி வேலைகளை இதில் செய்கிறவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ற் போன்ற ஒன்றுக்கு மாறுவது நல்லது. லிப்ரே ஒஃபிசில் கடிதங்களும் கணக்குகளும் செய்யலாம். பழக ஓரிரு வாரம் எடுக்கும்.

மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இந்த வழியில் இறங்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் புரோசசர் பலகையோடு பற்றவைத்தே வருகிறது. ராமும் எஸ்.எஸ்.டி.யும்தான் வழி.

கழற்றிய பழைய புரோசசரை உடனே விற்றுவிடாதீர்கள். புதியதில் ஏதும் கோளாறு வந்தால் அதைத் திரும்பப் பூட்டி அன்றைய வேலையை முடித்துக் கொடுக்கலாம். என்னுடைய ஜி620 இப்போதும் ஒரு சிறிய பிளாஸ்ரிக் பெட்டியில், தையல் ஊசிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.