பல்புக்குள் ஒரு சினிமாக் கொட்டகை

பழைய பல்பு ஒன்று, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, நாலைந்து துண்டுப் பிலிம், ஒரு வெள்ளை வேட்டி. செட்டிநாட்டு வீடு ஒன்றில் சிறுவர்கள் கூடிப் படம் காட்ட ஒரு காலத்தில் இவ்வளவு போதும். பல்பின் உள்ளிருக்கும் இழையை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்புவோம். முற்றத்து வெயிலை ஒருவன் கண்ணாடியில் பிடித்து இருட்டறைக்குள் அனுப்புவான். கண்ணாடிக்கும் பல்புக்கும் நடுவே இன்னொருவன் பிலிமைப் பிடிப்பான். எதிரே தொங்கும் வேட்டியில் கதாநாயகன் தோன்றுவான், பெரும்பாலும் தலைகீழாக! நுழைவுக் கட்டணம் இரண்டு கோலிக்குண்டு.

இன்று பிலிமும் இல்லை, அந்தப் பல்பும் அருகிவிட்டது. சிறுவர் கையில் கைப்பேசி இருக்கிறது. அண்மையில் வகுப்பில், "படம் எப்படி ஓடுகிறது?" என்று கேட்டேன். "நெட் இருந்தால் ஓடும், சார்" என்றார் ஒரு மாணவர். அவர் கேலி செய்யவில்லை. பெட்டியைத் திறந்து பார்க்க அவருக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை.

நாம் திறந்து பார்ப்போம்.

தண்ணீர் வில்லை

நீர் நிறைந்த பல்பு ஒரு குவிவில்லை. நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33. இதைக் கொண்டு கணக்கிட்டால், நீர்க்கோளத்தின் குவியதூரம் (மையத்திலிருந்து அளந்தால்) அதன் விட்டத்துக்குச் சமமாக வரும். 6 செ.மீ. விட்டமுள்ள பல்புக்குக் குவியதூரமும் 6 செ.மீ. பிலிமை இதைவிடச் சற்றுத் தள்ளி, அதாவது பல்பின் பரப்பிலிருந்து 3 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தால், 3 மீட்டர் தொலைவில் பிம்பம் விழும். உருப்பெருக்கம் 49 மடங்கு! 2 செ.மீ. அகலப் படம் ஒரு மீட்டர் அகலமாகிறது. பிம்பம் தலைகீழாக விழுவதால் பிலிமைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். இதைச் சொல்லித்தர அங்கே ஆசிரியர் யாரும் இல்லை. வேட்டியில் விழுந்த படமே சொல்லித்தந்தது.

வேட்டி எதற்கு? செட்டிநாட்டுச் சுவர்ப்பூச்சின் வழவழப்பு ஊரறிந்தது. அதில் பட்ட ஒளியின் ஒரு பகுதி கண்ணாடியில் பட்டதுபோல் ஒரே பக்கமாகத் தெறித்துவிடும். வேட்டியின் இழைகளோ ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். எங்கே உட்கார்ந்தாலும் படம் தெரியும்.

நிற்கும் படம் நடப்பது ஏன்?

எங்கள் பல்புச் சினிமாவில் கதாநாயகன் அசைய மாட்டான். கொட்டகையில் மட்டும் அவன் எப்படி ஓடுகிறான்? அங்கே விநாடிக்கு 24 படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஒரு படம் நகரும்போது ஒரு தகடு ஒளியை மறைக்கிறது. படம் நிற்கும்போதும் நடுவில் ஒருமுறை மறைக்கிறது. ஆகவே 24 படங்கள் 48 ஒளிவீச்சுகளாகக் கண்ணை அடைகின்றன. இதனால் படம் அவ்வளவாக மினுக்குவதில்லை. அசைவை உண்டாக்குவது மூளையின் வேலை. சிறிதே வேறுபட்ட படங்களை அடுத்தடுத்துக் காட்டினால், மூளை அவற்றை ஓர் அசைவாக இணைத்துக்கொள்கிறது. இதை ஆராய்ந்து 1912இல் கட்டுரை வெளியிட்டவர் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலறிஞர்.

இரண்டரை மணி நேரப் படத்துக்கு வேண்டிய பிலிமின் நீளம் என்ன தெரியுமா? நான்கு கிலோமீட்டருக்கும் மேல்!

மாறியது எது, மாறாதது எது?

1905இல் திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டார். காரைக்குடியில் ஏ.வி. மெய்யப்பனின் குடும்பக் கடையில் கிராமபோன் இசைத்தட்டுகள் விற்றார்கள். இசைத்தட்டிலிருந்து அவர் சினிமாவுக்கு நகர்ந்தார். அவருடைய காரைக்குடி ஸ்டூடியோவில் உருவான 'நாம் இருவர்' 1947இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஸ்டூடியோ சென்னைக்குப் பெயர்ந்தது. 1965இல் அந்நிறுவனத்தின் 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் குட்டி பத்மினி இரட்டையராக நடித்தார். 1975இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. 1980களில் அந்நிறுவனம் தொலைக்காட்சித் தொடர்களையும் தயாரித்தது.

தொலைக்காட்சியிலும் அதே தந்திரந்தான். விநாடிக்கு 25 படங்கள். மினுக்கத்தைப் போக்க ஒவ்வொன்றையும் இரண்டு பாதிகளாக்கி 50 முறை வரைந்தார்கள். 1984இல் மலையாளத்தில் 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்தது. அது இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். ஒளியின் தளவிளைவைப் பயன்படுத்தி, இடக்கண்ணுக்கு ஒரு படத்தையும் வலக்கண்ணுக்கு வேறொரு படத்தையும் கண்ணாடி பிரித்துக் கொடுத்தது.

பிறகு பிலிமே போயிற்று. 2013இல் ஃபூஜி நிறுவனம் சினிமாப் பிலிம் தயாரிப்பை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்தியது. சுருள் மாட்டிய ஆபரேட்டர்களில் பலருக்கு வேலை போயிற்று. சிலர் புதுக் கருவியைப் பழகிக்கொண்டு நிலைத்தார்கள். அந்தப் புதுக் கருவிக்குள் என்ன இருக்கிறது? டி.எல்.பி. என்ற வகையில், ஒரு சில்லின் மேல் 2,048 × 1,080, அதாவது 22 லட்சத்துக்கு மேற்பட்ட நுண் கண்ணாடிகள்! ஒவ்வொன்றும் சாய்ந்து நிமிர்ந்து ஒளியைத் திரைக்கு அனுப்புகிறது அல்லது விலக்குகிறது. முற்றத்தில் கண்ணாடி பிடித்த சிறுவன் செய்ததும் இதே வேலைதான்.

கருவி மாறிக்கொண்டே இருக்கும். ஒளியின் விதியும் கண்ணின் இயல்பும் மாறுவதில்லை. அவற்றை அறிந்தவருக்குப் புதுக் கருவி அச்சம் தராது. அறியாதவர் எந்தக் கருவிக்கும் வெறும் பார்வையாளரே.

செய்து பாருங்கள்

உடைந்த பல்பு கையைக் கிழிக்கும். வெயிலைக் கண்ணாடியில் பிடித்தால் கண்ணுக்கும் ஆபத்து. ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரு செருப்புப் பெட்டியின் முனையில் துளையிட்டுப் பூதக்கண்ணாடியைப் பொருத்துங்கள். உள்ளே கைப்பேசியைத் திரை வில்லையைப் பார்க்கும்படி, தலைகீழாக நிறுத்துங்கள். வில்லையின் குவியதூரம் 15 செ.மீ. என்றால், கைப்பேசி அதிலிருந்து சுமார் 16.7 செ.மீ. தள்ளி இருக்கட்டும். இருட்டறையில் ஒன்றரை மீட்டர் தொலைவிலுள்ள வேட்டியில் 9 மடங்கு பெரிய படம், சற்று மங்கலாக விழும்.

எழுத்துகள் மட்டும் இடவலம் மாறித் தெரியும். பிலிமில் இந்தத் தொல்லையை எளிதில் தீர்த்துவிடலாம். கைப்பேசியில் அது ஏன் முடிவதில்லை? விடையை நான் சொல்லப்போவதில்லை. பெட்டி உங்கள் கையில் இருக்கிறது.