பாத்திரமேற்பு விளையாட்டுகளின் தற்சார்புப் பதிப்பும் பொருளியலும்

மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டு என்பது, சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தராகப் பேசியும் முடிவெடுத்தும், தேவையான இடத்தில் பகடை உருட்டியும் ஒரு கதையைக் கூட்டாக உருவாக்கும் விளையாட்டு ஆகும். ஆங்கிலத்தில் இது டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் எனப்படுகிறது. இதற்குப் பலகையோ காய்களோ கட்டாயமில்லை. விதிகளும் கதைக்களமும் அடங்கிய நூலே முதன்மையான விற்பனைப் பொருள். எனவே இத்துறையின் பொருளியல் பெரும்பாலும் நூல் பதிப்பின் பொருளியலே ஆகும்.

பெரிய நிறுவனம் எதையும் சாராமல், படைப்பாளரே செலவையும் இழப்பையும் ஏற்று, உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு வெளியிடுவது தற்சார்புப் பதிப்பு எனப்படும்.

தோற்றம்

இத்துறை தொடங்கியதே தற்சார்புப் பதிப்பில்தான். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகியோர் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதை வெளியிடுவதற்காகக் கைகாக்ஸ் தன் நண்பர் டான் கேயுடன் சேர்ந்து 1973-இல் டி.எஸ்.ஆர். என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். முதல் அச்சில் 1,000 பெட்டிகள் மட்டுமே தயாரிக்கப்பட்டன. அவை கையாலேயே அடுக்கி ஒட்டப்பட்டன. பின்னர் டி.எஸ்.ஆர். நிறுவனத்தை 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 1999-இல் அந்நிறுவனம் ஹாஸ்ப்ரோவின் கைக்குச் சென்றது.

செலவுகள்

ஒரு நூலுக்கு இருவகைச் செலவுகள் உண்டு. எழுத்து, திருத்தம், ஓவியம், பக்க வடிவமைப்பு, மெய்ப்பு பார்த்தல் ஆகியவை ஒருமுறைச் செலவுகள். பத்துப் பிரதி விற்றாலும் பத்தாயிரம் விற்றாலும் இவை மாறுவதில்லை. அச்சு, சரக்குக் கட்டணம், கிடங்கு ஆகியவை பிரதிக்கேற்பக் கூடும் செலவுகள். ஒருமுறைச் செலவுகளில் பெரும்பாலும் ஓவியமே பெரும்பங்கு பெறுகிறது. வாங்குபவர் நூலை முதலில் அதன் ஓவியங்களைக் கொண்டே மதிப்பிடுகிறார்.

இத்துறைக்கென ஒரு தனித்தன்மையும் உண்டு. ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று ஆண்டுக்கணக்கில் விளையாட ஒரு நூலே போதும். அதையும் பெரும்பாலும் ஆட்ட நடத்துநர் ஒருவரே வாங்குகிறார். ஆகவே விளையாடுவோர் எண்ணிக்கையைவிட வாங்குவோர் எண்ணிக்கை மிகக் குறைவு.

விற்பனை வழிகள்

ஒரே நூல் எந்த வழியாக விற்கப்படுகிறது என்பதைப் பொறுத்துப் படைப்பாளரின் பங்கு பெரிதும் மாறும். விநியோகஸ்தர், கடை என்ற வழியில் செல்லும் நூலுக்கு அட்டை விலையில் ஏறத்தாழ 40 விழுக்காடே பதிப்பாளருக்குக் கிடைக்கும். மின்னூல்களை விற்கும் டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்தில், அங்கு மட்டுமே விற்பவர்க்கு 70 விழுக்காடும், மற்ற இடங்களிலும் விற்பவர்க்கு 65 விழுக்காடும் தரப்படுகிறது. இட்ச்.ஐஓ தளத்தில் தளத்தின் பங்கு எவ்வளவு என்பதை விற்பவரே தீர்மானிக்கலாம். இயல்பாக அது 10 விழுக்காடு.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதை விளக்கும். ஒருமுறைச் செலவு 6,000 டாலர், நூலின் விலை 30 டாலர், அச்சும் சரக்கும் பிரதிக்கு 7 டாலர் எனக் கொள்வோம்.

கடை வழியாக விற்றால் வருவது 12 டாலர். அச்சும் சரக்கும் போக மிஞ்சுவது 5. செலவை மீட்க 1,200 பிரதிகள் விற்க வேண்டும்.

நேரடியாக விற்றால், அஞ்சல் செலவை வாங்குபவரே ஏற்க, பணம் செலுத்தும் சேவைக்கு 1 டாலர் போக மிஞ்சுவது 22. சுமார் 273 பிரதிகள் போதும்.

மின்னூலை 15 டாலருக்கு 65 விழுக்காட்டுப் பங்கில் விற்றால் கிடைப்பது 9.75. சுமார் 616 பிரதிகள் தேவை.

இக்கணக்கில் படைப்பாளரின் சொந்த உழைப்பு சேரவில்லை. 40,000 சொற்களுக்குச் சொல்லுக்கு 10 சென்ட் வீதம் அவர் தனக்கே ஊதியம் கணக்கிட்டால் மேலும் 4,000 டாலர் கூடும். அப்போது தேவைப்படும் விற்பனை முறையே 2,000, 455, 1,026 பிரதிகளாக உயரும். டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்தில் 50 பிரதிகளைத் தாண்டிய நூலுக்குச் ‘செம்பு’, 1,000 பிரதிகளைத் தாண்டியதற்குப் ‘பிளாட்டினம்’ எனத் தர அடையாளங்கள் உள்ளன. அதாவது, மேற்கண்ட மின்னூல் பிளாட்டினம் அடையாளம் பெறும் அளவுக்கு விற்ற பிறகே எழுத்தாளரின் கூலி முழுதாக வந்து சேரும்.

கூட்டு நிதி

2009-இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் தளம் இந்த இழப்பச்சத்தைக் குறைத்தது. அச்சிடும் முன்பே பணம் வருவதால் எத்தனைப் பிரதி தேவை என்பது தெரிந்துவிடுகிறது. தளம் 5 விழுக்காடு எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. சிறு கையேடுகளுக்காக 2019-இல் அத்தளம் தொடங்கிய ‘சீன் குவெஸ்ட்’ முயற்சி, குறைந்த செலவில் முதல் நூலை வெளியிடப் பலருக்கு உதவியது.

2021-இல் மேக்பை கேம்ஸ் நிறுவனத்தின் ‘அவதார் லெஜண்ட்ஸ்’ 95 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. ஆனால் திரண்ட தொகை இலாபம் ஆகாது. அச்சு, அஞ்சல், ஓவியர் ஊதியம் அனைத்தும் அதிலிருந்தே செல்ல வேண்டும். பணம் பெற்றதற்கும் நூலை அனுப்புவதற்கும் இடையே ஓராண்டுக்கு மேல் ஆவதுண்டு. 2021-இல் கப்பல் சரக்குக் கட்டணம் திடீரென உயர்ந்தபோது, பழைய கட்டணத்தை நம்பி அஞ்சல் தொகை வாங்கியிருந்த சிறு பதிப்பாளர்கள் வேறுபாட்டைத் தாங்களே ஏற்க நேர்ந்தது.

உரிமம்

அமெரிக்கச் சட்டத்தில் விளையாட்டின் இயக்கமுறைக்குப் பதிப்புரிமை இல்லை. அதை விளக்கும் எழுத்துக்கும் ஓவியத்துக்குமே உண்டு. எனினும் எல்லை எங்கே என்பதில் வழக்கு எழக்கூடும் என்பதால் சிறு பதிப்பாளர்கள் தெளிவான உரிமத்தையே விரும்புவர். 2000-இல் விசார்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட திறந்த விளையாட்டு உரிமம், ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிகளின் மீது பிறர் கட்டணமின்றி நூல்கள் எழுத வழிவகுத்தது.

2023 சனவரியில், ஆண்டுக்கு 7,50,000 டாலருக்கு மேற்பட்ட வருவாயில் 25 விழுக்காடு வரை கோரும் புதிய வரைவு ஒன்று கசிந்தது. தொழிலின் அடித்தளமே ஒரு நிறுவனத்தின் முடிவைச் சார்ந்திருப்பது அப்போது வெளிப்பட்டது. கடும் எதிர்ப்புக்குப் பின் அம்மாதம் 27-ஆம் நாள் அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. இது திரும்பப் பெற இயலாத உரிமம்.

இதற்கு மாறான மரபும் உண்டு. வின்சென்ட் பேக்கர், மெகி பேக்கர் இணையர் 2010-இல் தாங்களே வெளியிட்ட ‘அபொகலிப்ஸ் வேர்ல்ட்’ விளையாட்டின் முறையைப் பிறர் பயன்படுத்த உரிமத்தொகை கேட்கவில்லை. மேற்கூறிய ‘அவதார் லெஜண்ட்ஸ்’ அந்த முறையைத் தழுவியதே.

வாழ்வாதாரம்

தற்சார்புப் படைப்பாளர் பலர் வேறு வேலையில் இருந்துகொண்டே எழுதுகின்றனர். நிலைத்து நிற்பவர்களுக்கு ஒரே நூலின் வெற்றியைவிட, தொடர்ந்து விற்கும் பழைய நூல்களின் தொகுப்பே துணையாகிறது. ஒருமுறைச் செலவை மீட்டுவிட்ட மின்னூலின் ஒவ்வொரு பிரதியும் தளத்தின் பங்கு போக வரவாகவே சேரும். உரிமை படைப்பாளரிடமே இருந்தால்தான் அந்த வரவும் அவருக்குத் தொடரும்.