பழைய கொங்கிறீற் தட்டு: திருத்துவதா, மாற்றுவதா?

2006இல் சம்பூரையும் அயற்கிராமங்களையும் விட்டு வெளியேறிய பல குடும்பங்களுக்கு 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் தமது காணிக்குத் திரும்ப முடிந்தது. கூரை போன வீடுகளில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் நிலமும், யன்னலுக்கு மேலான தட்டும், மலசலகூடக் குழியின் மூடியுமே. இவற்றை அப்படியே பயன்படுத்தினால் பணம் மிச்சம். ஆனால் எல்லாவற்றையும் நம்ப முடியாது.

தட்டின் பலம் உள்ளே இருக்கும் கம்பியில் தங்கியுள்ளது. உப்புக்காற்றும் மழைநீரும் கம்பியை எட்டினால் அது துருப்பிடிக்கும். துரு கம்பியைவிடக் கூடிய இடம் பிடிப்பதால் கொங்கிறீற் உள்ளிருந்தே வெடிக்கும். மேலே சீமெந்து பூசினால் வெடிப்பு மறையும், துரு நிற்காது.

நீங்களே பார்க்கக்கூடியவை

கீழே நிற்காமல், பக்கத்தில் நின்று சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, பொள்ளென்று கேட்டால் உட்புறம் பிரிந்துவிட்டது.

திருத்தலாம்: மயிரிழை வெடிப்புகள், கம்பி வெளியே தெரியாத சிறு உடைவுகள், மண்ணில் படிந்திருக்கும் நிலத்தின் வெடிப்புகள்.

மாற்றவேண்டும்: தட்டு நடுவில் தொய்ந்திருத்தல், கம்பியின் வழியே நீளும் வெடிப்பும் துருக்கறையும், கம்பி மெலிந்து உதிர்தல், எறிகணை துளைத்த தட்டு.

குழி மூடியில் சந்தேகம் இருந்தால் திருத்த நினைக்காதீர்கள், மாற்றுங்கள். அதுவரை சுற்றி வேலி அடைத்து, பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

உடைப்பதற்கு முன்

இடிபாட்டுக்குள் வெடிபொருள் இருக்கலாம். சந்தேகமான எதையும் தொடாமல் 119க்கு அறிவியுங்கள். சேதத்தைப் படம் எடுத்து, கிராம அலுவலருக்குக் காட்டிய பின்னரே உடையுங்கள். உதவிக்கு விண்ணப்பிக்கும்போது அது சான்றாகும். தலைக்கு மேலுள்ள தட்டானால் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கருத்துக் கேளுங்கள்.

புதிதாகப் போடும்போது

கடற்கரை மணலும் உவர்நீரும் வேண்டாம். அவற்றின் உப்பு புதிய கம்பியையும் அரிக்கும். ஆற்று மணலும் நன்னீரும் பாவியுங்கள். கடலோரத்தில் கம்பியை மூடும் கொங்கிறீற் குறைந்தது 40 மில்லிமீற்றர் இருக்கட்டும். குறைந்தது ஏழு நாட்கள் ஈரச்சாக்குப் போட்டு நனைத்துவாருங்கள். முட்டுக்களை மேசன் சொல்லும்வரை கழற்றவேண்டாம்.

அவசரப்பட்டு எல்லாவற்றையும் இடிக்கவும் வேண்டாம். ஆசைப்பட்டு ஆபத்தானதை வைத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.